கோவளம் கிளம்பும் முன்: கடலின் நிலையைப் படிப்பது எப்படி?

மேடவாக்கத்திலிருந்து கோவளம் சுமார் 30 கிலோமீட்டர். பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர், அங்கே கால்வாயைத் தாண்டி அக்கரை, அப்புறம் ஈ.சி.ஆரில் நேராகத் தெற்கே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரம் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிளம்பும் முன் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? மேப்பில் டிராஃபிக், வானிலை ஆப்பில் மழை, வண்டியில் பெட்ரோல். கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "வெயில் அடிக்குது, காத்து இல்ல, கடல் நல்லாத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

சிக்கல் அங்கேதான். நம் தலைக்கு மேலே இருக்கும் வானத்துக்கும் நம் காலடியில் வந்து உடையும் அலைக்கும் பல நாட்களில் எந்தச் சம்பந்தமும் இருக்காது. அந்த அலை ஒரு வாரத்துக்கு முன்பு, ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறொரு வானத்தின் கீழே பிறந்ததாக இருக்கலாம். ஆகவே கடலுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவை என்ன, எப்படிப் பார்ப்பது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் இந்தக் குறிப்பு. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால் நனைக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்தக் கோவளம்?

திருவனந்தபுரத்துக் கோவளம் அல்ல, நம்ம கோவளம். ஆங்கிலேயர் ஆவணங்களில் 'கவ்லாங்' என்று வரும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கோட்டையும் இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். இன்று ஊர்ப்பெயர் வெளியே தெரிவது இரண்டு காரணங்களால். ஒன்று, மீனவர் குப்பத்திலிருந்தே கிளம்பிய அலைச்சறுக்கு. மூர்த்தி மேகவன் என்ற உள்ளூர் மீனவர் தானாகக் கற்றுக்கொண்டு, பின்னர் குப்பத்துப் பையன்களுக்கும் கற்றுக்கொடுத்து, 2012 வாக்கில் அதைப் பள்ளியாகவே ஆக்கினார். இரண்டாவது, 2021-ல் இந்தக் கடற்கரைக்குக் கிடைத்த நீலக்கொடிச் சான்றிதழ். அந்தக் கொடியைப் பற்றிப் பின்னால் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும்.

இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்து, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இரண்டுமே ஆகஸ்டில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

அட்லாண்டிக்கில் கிளம்பி குமரியில் உடைந்த அலை

2024 மே 6, திங்கட்கிழமை. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் கடலில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். புயல் இல்லை, புயல் சின்னமும் இல்லை. கோடைக்கால மே மாதம்.

ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதற்குச் சில நாட்கள் முன்பே கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் எச்சரிக்கை விட்டிருந்தது. அவர்கள் சொன்ன விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஏப்ரல் 26 அன்று, இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக் கடலில் ஒரு வானிலை அமைப்பைக் கவனித்திருக்கிறார்கள். அது 28-ஆம் தேதி வாக்கில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குள் நுழைந்தது. அங்கே அடித்த காற்றில் 11 மீட்டர் வரை அலைகள் எழும்பின. அந்த அலைகள் வடக்கு நோக்கிப் பயணம் செய்து மே 4 அன்று கேரளக் கரையைத் தொட்டன.

இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் கடலுக்கு கேரள மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். இன்று விஞ்ஞானிகளும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

28-லிருந்து 4 வரை ஆறு நாள். இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஆழ்கடலில் ஒரு அலைக்கூட்டம் எவ்வளவு வேகமாக நகரும் என்பது ஒரே ஒரு எண்ணைப் பொறுத்தது: ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்பது. இதை அலை இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதை 0.78-ஆல் பெருக்கினால் கூட்டத்தின் வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். 16 விநாடி இடைவெளி என்றால் விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். ஓ.எம்.ஆரில் நல்ல நேரத்தில் நாம் போகும் வேகம்தான். 6,500 கிலோமீட்டரை 45-ஆல் வகுத்தால் 144 மணி நேரம். சரியாக ஆறு நாள்.

இதே கணக்கின்படி இடைவெளி அதிகமுள்ள அலைகள் முதலில் வந்து சேரும், குறைவானவை பின்னால் வரும். முதல் நாள் 17 விநாடி, மறுநாள் 15, அதற்கடுத்த நாள் 13 என்று இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கத்தின் வேகத்தை வைத்தே அலை பிறந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர் செய்தது இதைத்தான். 1963-ல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவுக் கருவிகளை வைத்து, தென்முனைப் பக்கம் பிறந்த அலைகள் பசிபிக்கையே கடந்து வடக்கே போய்ச் சேருவதை அவரது குழு நிரூபித்தது. அவர் இந்தத் துறைக்குள் வந்ததே ஒரு அட்லாண்டிக் கரையால்தான். 1942-ல் வட ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் படகுகளில் படைகளை இறக்க வேண்டியிருந்தது. அந்த நாளில் அலை எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தத் தேவையிலிருந்துதான் அலை முன்கணிப்பு என்ற துறை வளர்ந்தது. இன்று நம் மொபைலில் வரும் எல்லாக் கடல் முன்கணிப்புக்கும் தாத்தா அது.

முன்கணிப்பில் நான்கு எண்கள்

இன்காய்ஸின் இணையதளத்திலும் 'சமுத்ரா' ஆப்பிலும் கடல்நிலை முன்கணிப்பு கிடைக்கும். 'விண்டி', 'சர்ஃப்லைன்' போன்றவையும் உண்டு. எதைத் திறந்தாலும் பார்க்க வேண்டியவை நான்கு: உயரம், இடைவெளி, திசை, காற்று.

*உயரம்.* திரையில் 1 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். அந்த நாளில் வரும் மிகப் பெரிய அலை இதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கலாம். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின விஷயம். சராசரி ரெஸ்பான்ஸ் டைமைப் பார்த்து சர்வர் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம், கடைசி ஒரு சதவிகிதம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்போம். கடலிலும் ஆளைச் சாய்ப்பது சராசரி அலை அல்ல, அந்தக் கடைசி ஒரு சதவிகிதம்.

*இடைவெளி.* நம்மில் யாரும் பார்க்காத எண் இதுதான். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். ஏன் என்பதற்கு இரண்டு கற்பனை நாட்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள்: உயரம் 1.2 மீட்டர், இடைவெளி 6 விநாடி.
இரண்டாம் நாள்: உயரம் 0.9 மீட்டர், இடைவெளி 15 விநாடி.

எந்த நாள் பத்திரம்? உயரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாம் நாள். ஆனால் அலை கரையை நெருங்கி உடையும்போது எவ்வளவு உயரும் என்பதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் இந்த எண்களைப் போட்டால் முதல் நாள் அலை சுமார் 1.5 மீட்டரில் உடையும். இரண்டாம் நாள் அலை சுமார் 1.7 மீட்டரில் உடையும். திரையில் சிறியதாக இருந்தது கரையில் பெரியதாகிவிட்டது. கரையில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வந்து சேரும் சக்தியும் அப்படித்தான்: முதல் நாள் சுமார் 4 கிலோவாட், இரண்டாம் நாள் சுமார் 6 கிலோவாட். உடைந்த பிறகு மணலில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பதில் வித்தியாசம் இன்னும் அதிகம். இரண்டாம் நாளில் இரண்டு மடங்குக்கு மேல்.

காய்ந்த மணலில், அலைக்கு எட்டாத இடம் என்று நினைத்து நின்றவர்களைத் திடீரென்று தண்ணீர் வந்து சூழ்ந்தது என்று செய்திகளில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு பெரும்பாலும் இதுதான். காரணம் எளிது. 6 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர். 15 விநாடி அலையின் நீளம் 350 மீட்டர். ஒவ்வொரு அலையும் சுமந்து வரும் தண்ணீர்ப் பொதியே வேறு.

தோராயமாக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். 8 விநாடிக்குக் கீழே என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. குழப்பமாக இருக்கும், ஆனால் அலை சிறியதாக இருக்கும்வரை வீச்சு குறைவு. 12 விநாடிக்கு மேலே போனால் அது தூரத்து விருந்தாளி. உயரம் குறைவாகப் போட்டிருந்தாலும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்.

*திசை.* அலை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் திசை குறிக்கும், எங்கே போகிறது என்பதை அல்ல. நம் கரை கிழக்கே பார்த்தது. தெற்குக் கடலிலிருந்து வரும் அலைக்கு நடுவில் ஒரு பெரிய தடுப்பு இருக்கிறது: இலங்கை. வரைபடத்தில் கோவளத்திலிருந்து நேர் தெற்கே கோடு போட்டுப் பாருங்கள், அது யாழ்ப்பாணம் பக்கம் போய் முட்டும். இலங்கையின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக் கோடு போட்டால் தெற்கிலிருந்து சுமார் 16 டிகிரி கிழக்கே வரும். அதாவது திசை 160 டிகிரிக்குப் பக்கத்தில், அல்லது அதற்கும் கிழக்கே இருந்தால்தான் அந்த அலை கோவளத்துக்கு நேராக வந்து சேரும். 180, 190 என்றிருந்தால் இலங்கையைச் சுற்றி வளைந்து, மெலிந்துதான் வரும். அதே அலை இலங்கையின் அறுகம்பையில் முழு வீச்சில் அடிக்கும். அறுகம்பை உலகப் புகழ் பெற்றதற்கும் நம் கோவளம் கற்றுக்குட்டிகளுக்கு ஏற்ற இடமாக இருப்பதற்கும் இந்த நிழல் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நிழலும் முழு நிழல் அல்ல. தென்கிழக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

*காற்று.* கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் நம் ஊரில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்குப் போகும். மதியம் வாக்கில் திரும்பி, கடலிலிருந்து தரைக்கு வரும். மேடவாக்கத்தில் மே மாத மதியம் நாம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் அதே கடல்காற்றுதான். தரைக்காற்று அடிக்கும்போது அலையின் முகம் வழுவழுப்பாக, வரிசையாக இருக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் விடியற்காலையில் கடலில் இருப்பது இதனால்தான். ஆனால் அதே தரைக்காற்றில் ஒரு ஆபத்தும் உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் காற்றடைத்த மிதவை, டியூப், பந்து எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். பந்தைப் பிடிக்கப் போய் உள்ளே போனவர்கள் கதை எல்லாக் கடற்கரையிலும் இருக்கிறது.

திரை சொல்லாதது

இந்த முன்கணிப்புகள் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு கட்டமும் பல கிலோமீட்டர் அகலம். கோவளத்தில் நேற்று ராத்திரி எந்த இடத்தில் மணல் திட்டு நகர்ந்தது, எந்த இடத்தில் பள்ளம் விழுந்தது என்பது அந்தக் கணக்குக்குள் இல்லை. ஆகவே திரை பாதிதான். மீதியைக் கரையில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் கரையே பெரிய ஆய்வுக்கூடம். அலை கரைக்கு வரும்போது அதன் உயரம் மாறும், நீளம் மாறும், வேகம் மாறும். இடைவெளி மட்டும் மாறாது. தெற்குக் கடலில் 15 விநாடியாகப் பிறந்தது கோவளத்திலும் 15 விநாடியாகவே வந்து உடையும். மொபைலில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். கடலில் நிலையாக இருக்கும் ஒரு மிதவையையோ பாறையையோ குறி வைத்து, ஒரு முகடு கடக்கும்போது தொடங்கி, அதற்கப்புறம் பத்தாவது முகடு கடக்கும்போது நிறுத்துங்கள். வந்ததைப் பத்தால் வகுத்தால் இடைவெளி. ஆப் சொன்னதும் நீங்கள் எண்ணியதும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அன்றைய முன்கணிப்பை நம்பலாம். இல்லையென்றால் உங்கள் கண்ணை நம்புங்கள்.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? குறைந்தது 15 நிமிடம். தூரத்து அலைகள் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள், அப்புறம் சில நிமிடம் அமைதி, மறுபடியும் ஒரு கூட்டம். அந்த அமைதியான நேரத்தில் வந்து இறங்கியவர், "இவ்ளோதானா கடல்" என்று நினைத்து உள்ளே போய்விடுவார். அடுத்த கூட்டம் வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.

'ராட்சத அலை' இழுப்பதில்லை

கடலில் யாராவது இறந்தால் நம் செய்திகளில் வழக்கமாக வரும் வரி, ராட்சத அலை இழுத்துச் சென்றது என்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடையும் அலை தண்ணீரைக் கரையை நோக்கித்தான் தள்ளுகிறது. அப்படியானால் உள்ளே இழுப்பது எது?

கரையில் வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது எல்லா இடத்திலும் சமமாகத் திரும்பாது. மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வாய்க்கால் வழியாக மொத்தமாகக் கிளம்பும். ஆங்கிலத்தில் ரிப் கரண்ட் என்பது இதுதான். நம் ஊர் பேச்சில் இழுப்பு. சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் வேகத்தில் இருக்கும். மோசமான நாளில் 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரே நீந்தும் வேகம் அது.

இதில் மோசமான விஷயம் என்னவென்றால், அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருப்பாக, அமைதியாக இருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பம் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்? அலை இல்லாத அந்த இடத்தைத்தான். கடற்கரையிலேயே பத்திரமாகத் தெரியும் இடம்தான் ஆபத்தான இடம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இழுப்பை அடையாளம் காண வேறு சில குறிகளும் உண்டு. மணல் கலங்கி, கலங்கல் நாக்கு மாதிரி உள்ளே நீண்டிருக்கும். நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். கல் கொட்டிய தடுப்புகளின் ஓரத்தில் இழுப்பு பெரும்பாலும் நிரந்தரமாகவே இருக்கும், அதனால் அவற்றின் பக்கத்தில் இறங்கவே கூடாது. நீர்மட்டம் வற்றும் நேரத்தில் இழுப்பு கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் அதிகம். பிரான்சின் அட்லாண்டிக் கரையில் பியாரிட்ஸ் போன்ற ஊர்களில் ஏற்றவற்றம் 4 மீட்டர் வரை போகும், அங்கே அலைச்சறுக்குக்காரர்கள் அட்டவணை பார்க்காமல் கால் வைக்க மாட்டார்கள். சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே இங்கே கடல் வற்றுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. தெரியாததாலேயே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எந்த மாதம், எந்தக் கடல்

மே முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடலில் குளிர்காலம். அங்கே புயல்கள் அதிகம், தூரத்து அலைகளும் அதிகம். இங்கே காலையில் தரைக்காற்று. வரிசையான, சுத்தமான அலை. போட்டிகள் ஆகஸ்டில் நடப்பது இதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றின் காலம். வடகிழக்கிலிருந்து குட்டை இடைவெளியில், தாறுமாறாக, ஓயாமல் அடிக்கும் அலைகள். புயல்களும் இந்த மாதங்களில்தான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. கரையோர நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறும்: தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடல் ஒப்பீட்டளவில் சாது. முதல் தடவை பலகையில் ஏறிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நல்ல காலம்.

மழைக்காலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது நேராக நம் தெருவோடு சம்பந்தப்பட்டது. மேடவாக்கம் சுற்றுவட்டாரத்தில் பெய்யும் மழை ஏரிகளிலிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடல். அந்த முகத்துவாரம் கோவளத்துக்குக் கொஞ்சம் வடக்கே. நம் தெருவில் கழிவுநீரோடு கலந்து ஓடிய வெள்ளம் சுற்றிக்கொண்டு போய் நாம் குளிக்கப் போகும் கடலில்தான் விழுகிறது. அதனால் பெருமழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் அதன் பக்கத்தில் எப்போதுமே இறங்கக்கூடாது. நீர்மட்டம் வற்றும்போது காயல் தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாகக் கடலுக்குப் பாயும்.

கொடி எதைச் சொல்கிறது?

நீலக்கொடி பறக்கிறது, ஆகவே இங்கே குளிப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நீலக்கொடி என்பது தண்ணீர்த் தரம், சுத்தம், வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடு என்று 33 அளவுகோல்களைப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ். இன்று காலை கடல் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பதும் இன்றைக்கு வகுப்பு நடப்பதும் வேறு வேறு இல்லையா, அது மாதிரி.

அன்றைய நிலையைச் சொல்பவை வேறு கொடிகள். சிவப்பு என்றால் இறங்காதே. மஞ்சள் என்றால் கவனம். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு நிறமும் சேர்ந்த கொடி என்றால் அங்கே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார் என்று பொருள். குளிப்பதென்றால் அவர்கள் கயிறு கட்டிக் குறித்த எல்லைக்குள் மட்டும்தான். ஈ.சி.ஆரில் உள்ள மற்ற பெரும்பாலான கரைகளில் இது எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

கொடி இல்லாத இடத்தில் மீனவர்கள்தான் கொடி. "அண்ணே, இன்னிக்கு கடல் எப்படி இருக்கு? இழுப்பு இருக்கா?" என்று படகு ஓரத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்தக் கட்டத்திலும் அடங்காத மணல் திட்டு அவர் மனதில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் ஆப்பில் என்ன பச்சை காட்டினாலும் வேண்டாம்தான்.

கிளம்பும் முன் ஐந்து, போன பின் ஐந்து

வீட்டில்:
1. இன்காய்ஸ் பக்கத்தில் உயர் அலை அல்லது கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா? இருந்தால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
2. இடைவெளி எத்தனை விநாடி? 12-க்கு மேல் என்றால் உயரத்தை இரண்டு மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.
3. திசை தென்கிழக்கா, கிழக்கா? நம் கரைக்கு நேராக வரும்.
4. காற்று எப்போது திரும்பும்? வற்றும் நேரம் எது?
5. கடந்த மூன்று நாளில் பெருமழை பெய்ததா?

கரையில்:
1. இறங்காமல் 15 நிமிடம் பாருங்கள்.
2. இடைவெளியை எண்ணுங்கள்.
3. நுரையில்லாத பட்டை எங்கே என்று கண்டுபிடித்து, கூட வந்த எல்லோருக்கும் கை காட்டிச் சொல்லுங்கள்.
4. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.
5. ஒருவர் கட்டாயம் கரையில் நின்று, மொபைலைப் பார்க்காமல் கடலைப் பார்க்க வேண்டும்.

மாட்டிக்கொண்டால்

இழுப்பு உங்களைக் கீழே அமுக்காது, உள்ளே கொண்டுபோகும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போவதுதான். முதலில் மிதக்கப் பாருங்கள். மல்லாந்து, மூச்சைச் சீராக்கி, கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடையும் வெள்ளைப் பகுதியை நோக்கிப் போங்கள். அங்கே போய்விட்டால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடும்.

கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது இதைவிடக் கஷ்டம்: குதிக்காமல் இருப்பது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராகப் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மிதக்கும் எதையாவது வீசுங்கள். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன் ஒரு ஆளைத் தாங்கும். வண்டி டிக்கியில் ஒரு நீளமான நைலான் கயிறும் ஐந்து லிட்டர் காலி கேனும் போட்டு வைத்திருப்பதற்குச் செலவு மிகக் குறைவு. கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல் உயிர்காப்பாளரையும் படகுக்காரரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். 108-க்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கும் இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கடலுக்கே போகவேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். தினமும் கடலுக்குள் போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கோவளத்துக் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன் அலையில் ஏறி விளையாடிவிட்டு வருவது அதனால்தான் முடிகிறது. அவர்கள் கண்ணுக்கு எளிதாகத் தெரிவது நமக்குப் பத்து எண்களாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த ஞாயிறு போனால் முதல் 15 நிமிடத்தைக் கடலுக்குக் கொடுங்கள். ஒரு வாரம் பயணம் செய்து வந்த அலைக்கு அந்த மரியாதை தகும்.